வில்ஃப் எறிந்த போர்வை

என் கணவர் டென்சிலின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்று என்றார் டாக்டர்.

"கல்நார்த் தூசியில, அதான் ஆஸ்பெஸ்டாஸ்ல, எப்பவாவது வேலை பார்த்திருக்கீங்களா?"

டென்சில் சிரித்துவிட்டார். வாலிபம் முழுவதும் கடற்படைக் கப்பலின் கொதிகலன் அறையில் கிடந்தவர். அங்கே குழாய்க்குக் குழாய் கல்நார்தான் சட்டை. அப்போது மூச்சில் போனது முதுமையில் முளைத்திருக்கிறது.

எங்கள் மகள் டாம்சினுக்குத்தான் மனம் ஆறவில்லை. "கடற்படையில மேல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. தெரிஞ்சே உள்ள இறக்கி விட்டிருக்காங்க" என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. நெட்டையான கிழவர் ஒருவர் நனைந்த தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றார். வில்ஃப் கார்சைட். டென்சிலோடு ஒரே கப்பலில் இருந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்தார். அதன்பின் வடக்கே ஹல் துறைமுகத்தோடு தங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், அவ்வளவுதான். நோயைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு ரயிலேறி, பிளிமத்தில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து எங்கள் டார்ப்பாயின்ட் வரை வந்திருக்கிறார்.

"உள்ள வாங்க வில்ஃப்."

"வேண்டாம் அவ்ரில். உள்ள வர எனக்கு முகமில்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

உள்ளேயிருந்து டென்சிலின் குரல் கேட்டது. "யாருடா அது? ஹல் மீன் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது!"

வில்ஃப் வாசல் மிதியடியில் காலைத் துடைத்தார். உள்ளே போய் டென்சிலின் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"உன்னைக் கொன்னது நான்தான்டா."

"உக்காந்து கொல்லக்கூடாதா? அண்ணாந்து பாக்கக் கழுத்து வலிக்குது."

வில்ஃப் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். ஒருநாள் கொதிகலனுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் பிளந்து டென்சில் மேல் பீய்ச்சியடித்ததாம். அடுத்த கணம் சட்டை பற்றிக்கொண்டது. சுவரில் தொங்கிய தீயணைக்கும் போர்வையை வில்ஃப் பிடுங்கி எறிந்து, அவரைச் சுற்றி, மேலேயே விழுந்து படுத்துக்கொண்டார். கல்நாரால் நெய்த பழைய போர்வை அது. நைந்து போயிருந்தது.

"மாவு மாதிரி பறந்துச்சுடா. நீ உள்ள இருமுற, நான் விடாம அமுக்குறேன். உனக்கு நோய்னு கேட்டதுலேர்ந்து அந்த இருமல்தான் காதுல நிக்குது."

சமையலறை வாசலில் டாம்சின் நின்றிருந்தாள். "எந்த நெருப்பு? கழுத்துல இருக்கற தழும்பு டீ கொட்டினதுன்னுதானே சொன்னே, அப்பா?"

எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

டென்சில் மூச்சைச் சேர்த்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. "டேய் வில்ஃப், படுக்கைக்கு மேல ஓடுன குழாயிலேர்ந்து ராத்திரி பூரா அந்தத் தூசிதான் என் மூஞ்சியில உதிர்ந்துச்சு. எங்க தொட்டாலும் அதுதான். மொத்தப் பெருமையும் உனக்கே வேணுமா? பேராசை புடிச்சவனே!"

வில்ஃப் சிரிக்கவில்லை.

"இங்க பாரு. அன்னிக்கு நீ யோசிச்சு நின்னிருந்தா நான் கரிக்கட்டை. அவ்ரிலைப் பாத்திருக்க மாட்டேன். அப்ப இவ பின்னாடி சுத்தின அந்தப் பல் டாக்டரோட தம்பி இவளைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பான். ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துட்டேன்டா. உனக்கு ஒழுங்கா நன்றி சொல்லல. இப்ப சொல்றேன், வாங்கிக்கோ."

வில்ஃப் குழந்தைபோல அழுதார்.

டாம்சின் மெல்லக் கேட்டாள். "அது எப்ப நடந்துச்சு?"

"நீ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி."

அவள் வில்ஃபின் ஈரக் கோட்டைக் கழற்றப் போனாள். பிறகு கோட்டோடு சேர்த்தே அவரைக் கட்டிக்கொண்டாள். "சாப்பிடாம எங்கயும் போகக்கூடாது நீங்க."

சாப்பிட வந்தவர் வசந்தம் வரை இருந்தார். டென்சிலைக் குளிப்பாட்டினார், சவரம் செய்தார், சீட்டாட்டத்தில் ஏமாற்றினார். "நீயும் அதே தூசியத்தான்டா தின்ன. போய் எக்ஸ்ரே எடு" என்று டென்சில் நச்சரித்து, டாம்சினோடு அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார். வில்ஃபின் நெஞ்சில் பழைய தழும்புகள் மட்டுமே, பயமில்லை என்றார்கள். அன்று டென்சில் ஒரு மிடறு ரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஏப்ரலில், ஜன்னல் திறந்திருந்த ஒரு காலையில் அவர் போனார். ஒரு கை என்னிடமும் ஒரு கை டாம்சினிடமும் இருந்தன. வில்ஃப் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்குள் அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தூசியைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல் மறைத்தவர்கள் மேல் டாம்சினுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்பேன். ஆனால் பிரார்த்தனையில் நான் முதலில் சொல்லும் பெயர் வில்ஃப்.