ஸ்ட்ரேக்கரின் வலது தோள்

"டையை இஸ்திரி போட்டு வெச்சிட்டியா, வெர்லீன்?"

முதல் சீட்டு மேஜையில் விழுமுன்பே லோவல் ஸ்ட்ரேக்கர் ஆரம்பித்துவிட்டான். கௌபாய் தொப்பி, வாயில் பற்றவைக்காத சுருட்டு. முப்பது வருடமாக லாஸ் வேகஸில் போக்கர் ஆடியே வயிறு வளர்ப்பவன்.

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு என் மேஜைக்கு நீதான் சீட்டுப் போடணும்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். பழைய முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

கயிறு கட்டிய தடுப்புக்கு வெளியே நின்று இறால் கோப்பையைக் காலி செய்துகொண்டிருந்த கூட்டம் சிரித்தது.

வெர்லீன் சிரிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. இதே சில்வர் மியூல் காசினோவில் கறுப்பு டை கட்டிக்கொண்டு பதினோரு வருடம் டீலராகச் சீட்டுப் போட்டவள் அவள். இரண்டு வருடம் முன்பு டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தாள். முதல் வருடம் அமோகம். இரண்டாவது வருடம் துடைத்துக்கொண்டு போனது. குடியிருந்த வீட்டு வண்டியை விற்றுத்தான் இந்தப் போட்டிக்குள் நுழைந்தாள். நூற்றுப் பத்து பேரில் இப்போது மிச்சம் இரண்டே பேர். தோற்றால் திங்கட்கிழமை டை. காசினோவில் பெயர்கூடப் பதிவாகிவிட்டது. கைப்பையின் அடியில் அந்த டை சுருண்டு கிடந்தது.

அவளுடைய இடது புருவத்துக்குக் கீழே அரை அங்குலத் தழும்பு ஒன்று உண்டு. தோற்கும்போதெல்லாம் சீட்டை டீலர் முகத்தில் விசிறியடிப்பது ஸ்ட்ரேக்கரின் வழக்கம். எந்த டீலரும் வாயைத் திறந்ததில்லை. பெரிய பணக்காரர்களை அழைத்து வருகிறவன் அவன். ஒரு டீலரைத் துரத்தினால் அந்த வேலைக்கு வாசலில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். தழும்பு விழுந்த அன்று, "பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு வருடத்தில் வெர்லீன் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தாள். எறிவதற்கு அரை நொடி முன்னால் அவனுடைய வலது தோள் இம்மியளவு மேலே ஏறும். தலையைச் சாய்க்க அந்த அரை நொடி போதும். சமயத்தில் போதாது.

இன்று நடுவில் உட்கார்ந்து சீட்டுப் போட்டவன் கிக்கோ பரேலா. ஐம்பது வயது, அவளோடு பல வருடம் வேலை பார்த்தவன். முகத்தில் எதையும் காட்டாமல் ஆளுக்கு இரண்டு சீட்டு தள்ளினான்.

வெர்லீன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இஸ்பேட் ஏஸ், டைமன் ராஜா.

இருவரும் பந்தயம் கட்டக் கட்ட, நடுவில் ஐந்து சீட்டுகள் திறந்தன. நாலு, ஏழு, பத்து மூன்றும் இஸ்பேட். கூடவே ஆர்ட்டின் மூணு, டைமன் எட்டு. கையில் இன்னும் இரண்டு இஸ்பேட் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி வெற்றி. வெர்லீனிடம் இருந்தது ஒன்றுதான். அதாவது ஒன்றுமே இல்லை.

பயமுறுத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இருந்த பந்தயச் சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளினாள்.

"அடேங்கப்பா!" ஸ்ட்ரேக்கர் சுருட்டை இடம் மாற்றிக் கடித்தான். "இஸ்பேட் இருக்குன்னு என்னை நம்பச் சொல்றியா? நீ போட்ட சீட்டையே நான் நம்பினதில்ல. இப்ப நீ ஆடற சீட்டையா நம்பப்போறேன்?"

"நம்பலைன்னா தள்ளு, லோவல்."

"தள்ளிட்டேன்." அவனுடைய சில்லுக் கோபுரங்கள் நடுவில் சரிந்தன. "காட்டுடி."

முடிந்தது. இருவருடைய குவியலும் ஏறத்தாழ சமம். அவளுடையதில் நாலைந்து சில்லு அதிகம். தோற்றால் மிஞ்சுவது அந்த நாலைந்துதான். முதலில் பந்தயம் கட்டியவள் முதலில் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திருப்புவதுதான் மரியாதை.

அவள் ஒன்றை மட்டும் திருப்பினாள்.

இஸ்பேட் ஏஸ்.

ஸ்ட்ரேக்கரின் முகம் செங்கல் நிறமானது. அடுத்த சீட்டும் இஸ்பேட்தான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். வலது தோள் ஏறியது.

'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெர்லீன் சொல்லவில்லை. விரலை இரண்டாவது சீட்டின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நாசமாப் போ!"

சளார்! ஒரு சீட்டு கிக்கோவின் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. மற்றது நெஞ்சில் பட்டது. இரண்டும் அவன் முன்னாலிருந்த கழிவுச் சீட்டுகளுக்குள் குப்புற விழுந்தன.

வெர்லீன் நிதானமாக இரண்டாவதைத் திருப்பினாள். டைமன் ராஜா.

கூட்டத்தில் இறால் மெல்லும் சத்தம்கூட நின்றது.

"ஏய்!" ஸ்ட்ரேக்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இவகிட்ட ஒண்ணுமே இல்ல! எனக்கு ரெண்டு ஜாக்கி! ஜோடி ஜாக்கிடா! எடு, அதுல இருக்கு, எடு!"

மேற்பார்வையாளர் ஆஸ்கின்ஸ் ஓடிவந்தார். கழிவைத் தொட்ட சீட்டு செத்த சீட்டு, ஆட்டத்தில் கணக்கில்லை. ஆனால் எது யாருடையது என்று டீலர் சந்தேகமில்லாமல் சொன்னால் எடுத்துக் கொடுக்கலாம். அந்த அதிகாரம் ஆஸ்கின்ஸுக்கு உண்டு.

"கிக்கோ, சாரோட சீட்டு எதுன்னு சொல்ல முடியுமா?"

கிக்கோ கன்னத்தைத் தடவி விரலைப் பார்த்தான். லேசாக ரத்தம்.

"தெரியல சார். கண்ணை மூடிட்டேன். முகத்துக்கு நேரா ஏதோ வந்துச்சு."

"பொய் சொல்றான்! மேலாப்புல இருக்கே, குருட்டு நாயே!"

"செத்த சீட்டு," என்றார் ஆஸ்கின்ஸ். "ஆட்டம் வெர்லீனுக்கு."

ஸ்ட்ரேக்கர் மேஜைமேல் குனிந்தான். சுருட்டு நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. "இந்த ஊர்ல இனி எந்த மேஜைல நீ உக்காந்தாலும் எதிர்ல நான் இருப்பேன். உன்னை உரிச்சுத் தொங்கவிடல..."

வெர்லீன் கைப்பையைத் திறந்து கறுப்பு டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"வெச்சுக்கோ, லோவல். திங்கக்கிழமை கைக்கு எறிய ஏதாவது வேணும்ல?"

அவன் போகும் வழியில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. கூட்டம் கலைந்தது. கிக்கோ சீட்டுகளைச் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். வெர்லீன் ஒரு குத்து சில்லை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ரொம்ப தேங்க்ஸ், கிக்கோ. எனக்காகப் பொய் சொன்ன."

"உனக்காக இல்ல. என் கன்னத்துக்காகச் சொன்னேன்." அவன் நிமிரவில்லை. "அவன் தோள் ஏறினதை நானும் பார்த்தேன். நீ என்னைவிட முன்னாடி பார்த்துட்டே. வாயைத் திறக்கல."

வெர்லீனின் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

"நீ டையை அவன்கிட்ட எறிஞ்சுட்டே. திங்கக்கிழமை பத்து மணிக்கு உனக்குப் பதிலா அவன் எதிர்ல யார் உக்காரணும்னு நினைக்கறே?"

ஒரே ஒரு சில்லை மட்டும் எடுத்துத் டீலர்களின் வழக்கப்படி சில்லுத் தட்டின் விளிம்பில் ஒரு முறை தட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மிச்சத்தை அவள் பக்கமே தள்ளினான்.

"எந்திரி வெர்லீன். மேஜையைத் துடைக்கணும்."