ஒட்டவைத்த நிலா

என் மனைவியின் அண்ணனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டச்சப்காரர் என்றால்தான் தெரியும். கடைத்தெரு முனையில், மாடிப்படிக்கு அடியில் அவருடைய ஸ்டுடியோ. ஒரு நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை, ஒரு குடை விளக்கு, மூலையில் கம்ப்யூட்டர். உட்கார்ந்தவர் முகத்தில் பரு இருந்தால் படத்தில் இருக்காது. கழுத்துப்பட்டி கோணலாக இருந்தால் படத்தில் நேராகிவிடும். எங்கள் கல்யாணப் படத்தில் என் முன்நெற்றியில் தெரிகிற முடி அவர் போட்டுக் கொடுத்ததுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதைக் காட்டாமல் விடமாட்டாள்.

"எங்கண்ணா போட்ட முடி மட்டும்தான் இன்னும் கொட்டாம இருக்கு."

படத்தை எப்படியெல்லாம் மாற்றலாம் என்று தெரிந்தவர் என்பதால் அவர் விண்வெளிப் படங்களை நம்பவில்லை என்று நினைத்தால் அது பாதிதான் சரி. மறுபாதி பக்தி. எங்கள் பிரார்த்தனை சபையில் மழையோ காய்ச்சலோ எதற்கும் ஒரு கூட்டத்தைக்கூட விடாதவர் அவர். கடவுள் இந்தப் பூமியைப் பார்த்துப் பார்த்துப் படைத்து, மனிதனை அதில் வைத்தார் என்பது அவருக்குத் தன் கடை நாற்காலியைப்போல் கண்ணெதிரே இருக்கிற விஷயம். செய்தித்தாளில் வியாழன் கோளின் படம் வந்துவிட்டால் போதும், நாற்காலியில் இருப்பவரிடம் விரித்துக் காட்டுவார்.

"பாருங்க, இதுக்குள்ள நம்ம பூமி ஆயிரத்துக்கு மேல அடங்குமாம். யாரு உள்ள போட்டு எண்ணிப் பாத்தது? இங்க உக்காந்தே இதைவிடப் பெரிசா ஒண்ணு நான் செஞ்சு தருவேன். தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

இப்படிப் பல வருஷம். சபையில் பாதிப் பேருக்கு அவருடைய வார்த்தைதான் சாட்சி. 'டச்சப்காரரே பொய்னு சொல்லிட்டாரே' என்பார்கள்.

இந்த நிலையில்தான் பெண்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சி வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் சபை மண்டபத்தைக் கேட்டார்கள். சபைச் செயலாளர் நான்தான். தலைவியிடம் கேட்டுச் சாவியைக் கொடுத்தேன். பல் டாக்டரம்மா என்று எல்லோரும் அழைக்கிற அவர்தான் எங்கள் சபைத் தலைவி. கோள்களுக்கென்று ஒதுக்கிய கிழக்குச் சுவரை இறுதி வகுப்பில் படிக்கிற என் மச்சானின் மகள் ஏற்றுக்கொண்டாள்.

அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். வியாழனை வட்டமான சாப்பாட்டு மேஜை அளவுக்குத் துணியில் அச்சடித்து மாட்டினாள். பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவில் சிவந்த கண்ணைப்போல் ஒரு புயல். பக்கத்தில், அதே அளவுக் கணக்கில், பூமி. அது ஒரு டப்பா மூடி அளவுதான் இருந்தது. கொஞ்சம் தள்ளி, வியாழனைச் சுற்றுகிற நிலாக்களில் ஒன்று. கதவைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். தினமும் விளக்கு போடுகிற சுவர்தான். அன்றைக்கு அந்தச் சுவரே எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வந்த இரும்புக்கடைக்காரரும் நின்றார். ஆனால் அவர் நின்றது வேறு மாதிரி.

"என்ன சார் இது? பிரார்த்தனை பண்ற இடத்துல பூமியை மூடி மாதிரி மாட்டி வெச்சிருக்காங்க? கடவுள் நம்மளை என்ன டப்பா மேலயா படைச்சார்?"

சாயங்காலத்துக்குள் விஷயம் சபை முழுக்கப் பரவிவிட்டது. இறக்கு என்று சிலர், இருக்கட்டும் என்று சிலர். டாக்டரம்மா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொய்ப் படமா இருந்தா இறக்கிடலாம், கண்காட்சியும் வேற இடம் பாத்துக்கட்டும். நிஜப் படமா இருந்தா எதுக்கு இறக்கணும்? பாத்துச் சொல்ல நம்மகிட்டயே ஆள் இருக்கு. நாளைக்குக் கூட்டத்துல டச்சப்காரர் சொல்லட்டும். அதுதான் முடிவு."

இரும்புக்கடைக்காரருக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது. தீர்ப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் வேலையை அப்பாவே இறக்கப்போகிறார். கண்காட்சிக்கு வேறு இடம் கிடைக்கப்போவதும் இல்லை.

மறுநாள் காலையில் நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். பெண்ணும் வந்திருந்தாள். அழுகையோ கெஞ்சலோ கிடையாது. வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அப்பா, வேற யாரோ கொண்டுவந்த படம் மாதிரி பாருங்க. அது போதும்."

"பின்னே? சொந்தக்காரங்க படம்னு தனியா ஒரு கண்ணாடியா வெச்சிருக்கேன்? உக்காரு" என்றார்.

படத்தைச் சோதிக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தலைகீழாகத் திருப்பிவிடுவார். நேராக இருந்தால் மனசு அதை முகம் என்றோ மலை என்றோ எடுத்துக்கொள்ளுமாம். தலைகீழாக இருந்தால் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். சுவர்ப் படத்தைத் தன் போனில் எடுத்து வந்திருந்தார். அதைத் திரையில் ஏற்றித் திருப்பினார். அவர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"மாப்ள, இங்க பாருங்க! கோள்ல எந்தப் பக்கம் இருட்டு, நிலாவுல எந்தப் பக்கம் இருட்டு? எதிரெதிரா இருக்கு! அங்க என்ன ரெண்டு சூரியனா? ஒட்டு வேலை! பச்சையான ஒட்டு வேலை!"

அவர் என் தோளில் தட்டிய தட்டு இன்னும் நினைவிருக்கிறது. சுவர் போச்சு என்று நினைத்தேன். பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் கை ஓய்கிற கை இல்லை.

"இதை எதுலேர்ந்து செஞ்சாங்கன்னு பாத்துட்டா முழுசாப் பிடிச்சுடலாம். மூலப்படம் இருக்கா?"

பெண் ஒரு பென்டிரைவை நீட்டினாள். விண்கலம் அனுப்பிய படங்கள் அப்படியே அதில் இருந்தன. இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம். கறுப்பு வெள்ளையில் மூன்று. சிவப்பு வடிகட்டி வழியாக ஒன்று, பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வண்ணப் படம்.

"கறுப்பு வெள்ளைதான் வருதாக்கும்" என்று முனகிக்கொண்டே அவர் அடுக்கினார். கோளின் ஓரத்தோடு ஓரம் பொருத்தினார். பட்டைகள் பழுப்பாகவும் வெள்ளையாகவும் எழுந்து வந்தன. வியாழன் சரியாக வந்துவிட்டது. அதற்கு அப்பால், கறுப்பு வெளியில், மூன்று சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

அவர் மூன்று படங்களையும் தனித்தனியாக அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இது ஒரே நிலா" என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. "சிவப்புல எடுக்கும்போது இங்க இருந்திருக்கு. பச்சைக்கு வர்றதுக்குள்ள நகர்ந்துடுச்சு. நீலத்துக்கு வர்றதுக்குள்ள இன்னும் தள்ளிப் போயிடுச்சு. குரூப் போட்டோவுல சும்மா நிக்காத குழந்தை மாதிரி." பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "மூணும் எடுத்த நேரம் இருக்கா?"

இருந்தது. முதல் இரண்டுக்கும் நடுவில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் அடுத்த இரண்டுக்கும் நடுவில். திரையில் அளவுகோலை வைத்தார். புள்ளிகளின் இடைவெளியும் அதேபோல் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மாப்ள, பொய்ப் படம் செய்யறவன் நிலாவை அழகா ஒரு இடத்துல வைப்பான். ஓடிப்போன நிலாவைச் செய்யணும்னு எந்தப் பொய்யனுக்கும் தோணாது. எனக்குத் தோணியிருக்காது." கொஞ்சம் பொறுத்து, "சரி, இந்தப் புள்ளியெல்லாம் சுவர்ல எங்க?" என்றார்.

பெண் தரையைப் பார்த்தாள்.

"அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுட்டேன்ப்பா. படத்துல ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அந்த நிலா?"

"துடைச்ச இடம் வெறுமையா இருந்துச்சு. வேற ஒரு நிலாப் படத்தை எடுத்து ஒட்டினேன். அழகா இருக்கட்டும்னு. நீங்க மத்தியானம் சாப்பிடப் போனப்ப, இதே கம்ப்யூட்டர்ல."

நிஜ நிலாவைத் துடைத்துவிட்டுப் பொய் நிலாவை ஒட்டவேண்டுமென்றால் அது டச்சப்காரர் வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். அவர் சுவர்ப் படத்தை மறுபடி பெரிதாக்கி அந்த நிலாவின் விளிம்பைப் பார்த்தார்.

"ஓரத்தை நல்லாத்தான் கரைச்சிருக்கே" என்றார். அதில் பெருமையும் இருந்தது, தலையில் அடித்துக்கொள்கிற தொனியும் இருந்தது.

"அப்பா, சொல்லிடாதீங்க. கோள் நிஜம்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரிக்குள்ள நிலாவை மாத்திடறேன்."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். நான் யோசித்துப் பார்த்தேன். நிலா ஒட்டு என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகாது. இத்தனை வருஷப் பேச்சும் காப்பாற்றப்படும். சபையில் தலைநிமிர்ந்து உட்காரலாம். கோள் நிஜம் என்று மட்டும் சொன்னாலும் அது பொய்யாகாது, பெண் காப்பாற்றப்படுவாள். இரண்டையும் சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வார், பெண்ணும் மாட்டிக்கொள்வாள். எதைச் சொல்லப்போகிறார் என்று கடை பூட்டும்வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பிரார்த்தனை முடிந்ததும் டாக்டரம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்து கிழக்குச் சுவரருகே போனார்.

"இந்த நிலா பொய்" என்றார்.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று இரும்புக்கடைக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, இன்னும் முடியலை. இந்த நிலாவை ஒட்டினது என் பொண்ணு. என் கடையில, என் கம்ப்யூட்டர்ல. நான் கத்துக்கொடுத்த வேலைதான். அதனால அது எங்க வீட்டுப் பொய். இந்தக் கோள் நிஜம். மூலப்படத்தை நானே அடுக்கிப் பாத்துட்டேன்."

மூன்று புள்ளிகளைப் பற்றியும் ஓடிப்போன நிலாவைப் பற்றியும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்று, "ஆமா, நான்தான் ஒட்டினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் காதுவரை சிவந்திருந்தாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

இரும்புக்கடைக்காரர் விடவில்லை. "இத்தனை வருஷமா வேற மாதிரி சொன்னீங்களே? உங்களை நம்பி நாங்களும் நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கோமே?"

"சொன்னேன். பாக்காம சொன்னேன். இப்பப் பாத்துட்டேன்."

"அப்ப அந்த அளவு? அதுவும் நிஜமா?"

"அளவை நான் அளக்கலை. அளக்காததை இனிமே சொல்லமாட்டேன். ஆனா நகர்ந்துபோன புள்ளியைக்கூட மறைக்காம அனுப்பினவங்க, அளவுல மட்டும் ஏமாத்துவாங்கன்னு எனக்குத் தோணலை."

இரும்புக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். இப்போது அவர் குரலில் சண்டை இல்லை. மண்டபத்தில் பலர் மனசிலும் இருந்ததைத்தான் அவர் கேட்டார்.

"அப்ப நாம இவ்வளவுதானா? இந்த மூடிதானா? இதை எங்கே கடவுள் கவனிக்கப்போறார்?"

என் மச்சானுக்கும் இத்தனை வருஷம் இருந்த பயம் அதுதான் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. பதிலை அவர் தயார் செய்துகொண்டு வந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் தடுமாறினார். பிறகு கேட்டார்.

"போன மாசம் என் கடையில ரெண்டு படம் எடுத்தீங்க. சுவர்ல மாட்டப் பெரிசா ஒண்ணு, அடையாள அட்டைக்கு ஒண்ணு. எதுக்கு உங்களை அதிக நேரம் உக்கார வெச்சேன்?"

"அந்தச் சின்னதுக்குத்தான். எழுந்திருக்கவே விடலை நீங்க. முதுகு பிடிச்சுக்கிச்சு."

"நகம் அளவு படம். அதுல கண்ணு ஒரு துளி பிசகினா ஆளே மாறிடுவார். அதனாலதான். என் புத்திக்கே அது தெரியுது. படைச்சவருக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அழகாகப் பேச வராது. அன்றைக்கும் பேசியதாக அவர் நினைத்திருக்கமாட்டார். ஆனால் அந்த மண்டபத்தில் நான் கேட்ட எத்தனையோ பேச்சுகளில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றைத்தான்.

டாக்டரம்மா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். "கோள் இருக்கட்டும். நிலாவைப் பிடுங்கிடுங்க." பல்லைச் சொல்கிற மாதிரியே சொன்னதில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் வேலை ஆரம்பித்தது. இரும்புக்கடைக்காரரே கடையிலிருந்து ஏணி கொண்டுவந்தார். என் மச்சான் ஏறிப் பொய் நிலாவின்மேல் கறுப்புத் தாளை ஒட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டுக் காகிதங்களை வெட்டி வைத்திருந்தார். கீழே பெண் மூலப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதட்டினாள்.

"இன்னும் இடது. அய்யோ, அவ்வளவு இல்லப்பா. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல அதிக இடம் விடணும்னு நீங்கதானே அளந்தீங்க?"

"சரிடி, சரி. கத்தாதே. ஏணி ஆடுது."

ஏணியைப் பிடித்திருந்த இரும்புக்கடைக்காரர் அந்தப் பக்கம் கவனமே இல்லாமல் டப்பா மூடிப் பூமியின்மேல் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். நீலத்தையும் வெள்ளைத் திட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"டச்சப்காரரே, இதுல நம்ம ஊர் எங்க இருக்கு?"

மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார் என் மச்சான்.

"நீங்க மூக்கை எடுத்தா தெரியும்."