குளிருக்குப் பீடி

சித்திரை வெயிலில் உப்புக்குளத்து நாய்கள்கூட நிழலை விட்டு அசைவதில்லை. நான் காலில் இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு கட்டிலில் இருக்கிறேன். முதுகு வியர்வையில் ஒட்டுகிறது. பாதம் மட்டும் பெட்டியில் அடுக்கிய மீன் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது.

ஒன்பது வருடம் ஐஸ் கொம்பனியில் இராவேலை. லொறி கொழும்புக்குப் புறப்படமுன் மீனுக்கு மேல் ஐசை அள்ளிப் போட்டுப் பெட்டி கட்டவேண்டும். இறப்பர் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிடும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஐஸ் அறையை விட்டு வெளியே வந்தால் முதலில் பீடி, பிறகுதான் பேச்சு. புதிதாக வந்தவன் வேண்டாம் என்றால், "காலிலை குளிர் ஏறும், பிறகு எங்களைக் குறை சொல்லாதை" என்பார்கள். எனக்கு அதைச் சொன்னவன் பெனடிக்ற். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானும் சொன்னேன்.

போன வருடம் என் கால்விரல்கள் வெளிறின, பிறகு நீலமாயின. கோயிலடி வரைக்கும் நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. ஐஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி வேலையை விட்டேன். ஆறு மாதம் மன்னார் வெயிலில் கிடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

கூடப்பிறந்த அன்ரோனெற் அக்கா வீட்டில் இருக்கிறேன். புருசனை இழந்தவள், நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிறாள். பின்னேரம் வந்ததும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் காலுக்கு ஒத்தணம் பிடிப்பாள். பீடி மணம் அவளுக்கு ஆகாது. ஆனாலும் பீடிக்கட்டை அவளே வாங்கிவந்து தருவாள்.

"குடி. கொஞ்சமாவது சூடு பிடிக்கட்டும்."

ஒருநாள், "இன்னும் சூடாக்கு அக்கா" என்றேன்.

"என்ரை கை சுடுதடா."

"எனக்குச் சுடேல்லை."

மறுநாள் காலை இடது பாதத்தில் பெரிய கொப்புளம். நாலு நாளில் இரண்டாவது விரலின் நுனி கறுத்தது. அக்கா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் சின்ன வயதுப் பெண். என் பாதத்தின் மேல் விரலை வைத்து நெடுநேரம் தேடினாள். கணுக்காலுக்குப் பின்னால் தேடினாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையிலை நாடி இருக்கு. காலிலை பிடிபடேல்லை. ஒரு நாளைக்கு எத்தினை பீடி பத்துவியள்?"

"நாற்பது வரும்."

"அது குளிருக்குத்தான் டொக்டர்" என்றாள் அக்கா.

"குளிரே அதாலைதான் அம்மா."

சிலருக்கு இரத்தம் குறைந்தால் கால் குளிரும், சிலருக்குச் சீனி வருத்தத்தால், சிலருக்குத் தைரொயிட்டால் என்றாள். எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது ஒன்றும் இல்லை. எனக்குப் புகையால் காலுக்குப் போகும் குழாய்கள் அடைபட்டிருந்தன. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, ஒத்தணம் இனிமேல் கூடவே கூடாது என்றாள். இறுக்கமில்லாத பருத்தி மேஸ் போடவேண்டும். வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, ஒவ்வொரு நாளும் காலைப் பார்க்கவேண்டும்.

"இவ்வளவும் செய்துபோட்டு ஒரு பீடி பத்தினாலும் பிரயோசனம் இல்லை. பக்கத்திலை ஆரும் பத்திற புகையும் வேண்டாம்."

"விட்டால்?"

"வெட்டினாலும் விரலோடை நிக்கலாம்."

"விடாட்டில்?"

பேனை முனையால் என் கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு காட்டினாள். பிறகு முழங்காலுக்குக் கீழே இன்னொன்று.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பீடிக்கட்டை அடுப்பில் எறிந்தாள். புகை கிளம்பியதும் பயந்து என்னை முற்றத்துக்குத் தள்ளினாள்.

அடுத்த நாளே அவள் வேலைக்குப் போனபிறகு கடைக்குப் போய் இரண்டு பத்தினேன். மூன்றாவதும் பத்தியிருப்பேன், நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது. பின்னேரம் அவளிடம் சொன்னேன்.

"போகேக்கை என்னைப் பூட்டிப்போட்டுப் போ."

"விசரே உனக்கு?"

"ஓம். பூட்டு."

ஆமைப்பூட்டு வாங்கி வந்தாள். இன்று நாலாம் நாள். பூட்டு விழும் சத்தத்துக்குப் பிறகு நடக்கத் தொடங்குவேன். கதவிலிருந்து யன்னலுக்கு ஆறடி. முதல் நாள் கதவை உதைத்தேன், வலது காலால். நேற்று யன்னல் கம்பிகளை அசைத்துப் பார்த்தேன். அக்காவின் புருசன் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறான்.

மத்தியானம் பெனடிக்ற் யன்னலடிக்கு வந்தான்.

"என்ன மச்சான், கிளியைக் கூட்டிலை போட்டமாதிரி? அக்கா சோறு தீத்திவிடுறாவோ?"

"என்ன வேணும்?"

"கொம்பனிக்கு ஆள் காணாது. உன்னைக் கேக்கச் சொன்னவங்கள்."

இரண்டு பீடியைச் சேர்த்துப் பற்றவைத்து ஒன்றைக் கம்பிக்குள்ளால் நீட்டினான். என் கை எழும்பியது. நான் எழுப்பவில்லை.

"உன்ரை கால் குளிருதோ?" என்று கேட்டேன்.

"ஐசிலை நிண்டா ஆருக்கடா குளிராது?"

"வீட்டிலை, பகலிலை?"

சிரிக்க வாயைத் திறந்தவன் சிரிக்கவில்லை. "கொஞ்சநாளா" என்றான்.

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். பேனைக் கோடுகளையும் சொன்னேன். நீட்டிய பீடியைத் திருப்பி எடுத்துக்கொண்டான். எறிவான் என்று பார்த்தேன். இரண்டையும் மாறி மாறி இழுத்தான்.

"விசர்க்கதை. பதினெட்டு வருசமாக் குடிக்கிறன்."

புகை உள்ளே வந்தது. நான் விலகவில்லை. இரண்டு மூச்சு வரைக்கும் விலகவில்லை.

"யன்னலைச் சாத்தப்போறன்."

"சாத்தினா உள்ளுக்கை அவிஞ்சு போவாய்."

"ஓம்."

சாத்திக் கொண்டியை மாட்டினேன். அறை இருண்டது. அக்கா வர இன்னும் நாலு மணித்தியாலம். அவன் போகும் காலடி கேட்கவில்லை. பலகை வெடிப்பால் புகை மெல்லிய நூலாக வந்துகொண்டிருந்தது. மூக்கை அதில் வைக்கும் தூரத்தில் நின்றேன். பிறகு உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து, அந்த வெடிப்புக்குள் திணித்து அடைத்தேன்.