முதல் பீஸ்

மார்கழிக் குளிரில் ஸ்டீல் தகடு கையுறையைத் தாண்டியும் கடிக்கும். அதற்கு எண்ணெய் தடவி, டை என்கிற இரும்பு அச்சின் மேல் வைத்து, முன்னால் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்த வேண்டும். தொம். மூடி விழும். எடுத்து எறி, அடுத்த தகடு, எண்ணெய், தொம். ஹைதராபாத் செர்லப்பள்ளியில் எங்கள் டிபன் பாக்ஸ் கம்பெனியில் வெளிச்சம் வருவதற்கு முன்பே பிரஸ் மெஷின்கள் அடிக்க ஆரம்பித்துவிடும். தரை அதிரும், பல் அதிரும், குடித்துவிட்டு வந்த டீயும் வயிற்றுக்குள் அதிரும்.

பொத்தான் எதற்கு இரண்டு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் பிரஸ்ஸுக்குள் இருக்காது. இதை யோசித்து வைத்த மகராசன் எந்த ஊரோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் மூலையில் நின்ற பிரஸ்ஸில் இடது பொத்தானை அழுத்தி, அது எழாதபடி ஒரு மரச்சில்லைச் செருகி வைத்திருந்தார்கள். வலது கையால் ஒரு தட்டு தட்டினாலே போதும், இறங்கிவிடும். புது மாடல் மூடிக்காக அந்த ஏற்பாடு. மேல்பக்கம் கூழாங்கல் மாதிரி உருண்டு வழுவழுப்பாக, ஆன்லைனில் விற்கவென்றே பண்ணிய அழகான மூடி அது. அதன் விளிம்பில் கிளிப் மாட்ட ஒரு வெட்டு விழ வேண்டும். உருண்ட சாமான் டையின் மேல் தானாக நிற்குமா? ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வாரம் கல்பகம் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்கள் போயின. நான் பக்கத்து பிரஸ்ஸில் இருந்தேன். அவள் கத்தவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கொடு என்று கேட்கிற மாதிரி "மங்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவளுடைய இடது கையுறையை, எங்களோடு பிரஸ் ஓட்டும் ரஹீம் பாய் கழுவி, பிரஸ்ஸுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இன்றிலிருந்து அந்த பிரஸ் எனக்கு.

காலையில் மல்காஜ்கிரி வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, மோதிரத்தைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். இல்லை என்று தலையாட்டினேன். விஷயத்தைச் சொன்னால் போகாதே என்பார். போகாவிட்டால் வேலையும் போய்விடும். ஷேர் ஆட்டோவில் வரும்போது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் குளிருக்கு என்று நினைத்திருப்பாள்.

சைனிக்புரியிலிருந்து முதலாளி சௌந்தரராஜன் சீக்கிரமே வந்துவிட்டார். கூடவே, மாதாப்பூர் ஆபீசில் உட்கார்ந்து மாடல் வரைகிற சுபாஸ்ரீ. கோயமுத்தூர்ப் பெண், என் தங்கை வயசு. வந்ததிலிருந்து அந்தக் கையுறையையே பார்த்தபடி நின்றாள்.

"என்ன மங்கா, இன்னும் உக்காரலையா? சாயங்காலம் லாரி வந்து நிக்கும்மா," என்றார் முதலாளி.

"பயமா இருக்கு சார்."

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது. கல்பகம் கவனிக்கல. எப்பப் பாரு பேச்சு, பேச்சு."

எனக்குச் சுருக்கென்றது. கல்பகம் வேலை நேரத்தில் வாயைத் திறக்கமாட்டாள். வாயாடி நான்தான். அது அவருக்கும் தெரியும்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூடியை வைத்தேன், உருண்டது. பிடித்தேன். மேலே தொங்கிய இரும்பைப் பார்த்ததும் மூடியை விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது.

"சார், இந்த மாடலுக்கு முதல் பீஸ் நீங்க அடிக்கலையே."

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. புது மாடல் இறங்கினால் தேங்காய் உடைத்து, முதல் பீஸை முதலாளியே தன் கையால் அடிப்பார். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அந்த பீஸ்கள் எல்லாம் ஆபீஸ் சாமிப் படத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும். இந்த மாடலுக்கு மட்டும் வெளியே லேசரில் வெட்டி வந்த சாம்பிளை அங்கே வைத்துவிட்டார்கள்.

இதை நான் வீரத்தில் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் தள்ளிப்போகட்டும் என்று கேட்டேன். அவ்வளவு பயம்.

ரஹீம் பாய் தன் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாக வரும். "ஹவ் சார், ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். எல்லா மாடலுக்கும் நீங்கதான். இதுக்கு மட்டும் ஏன் நக்கோ, ஏன் வேண்டாம்?"

முதலாளி சிரித்தார். "இவ்வளவுதானா? நகரு." வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூடியை வைத்தார், உருண்டது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. கடைசியில் இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கை பொத்தானுக்கு மேலே போனது.

போனது, இறங்கவில்லை.

அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை அரும்பியது. உள்ளே இருந்த விரல்கள் வெள்ளை வெளேரென்று, எங்கள் விரல்களைப் போலவே சதையும் எலும்புமாக இருந்தன. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் எனக்கு அவருக்காகவும் பயமாக இருந்தது.

"சார், கையை எடுங்க!" என்று கத்தினாள் சுபாஸ்ரீ.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "நீ எதுக்குக் கத்தறே? உன் வேலை வரையறது."

"கை எங்க இருக்கணும்னு யோசிக்கறதும் என் வேலைதான் சார்." அவள் நிறுத்தவில்லை. "மூடி உக்கார ஒரு தாங்கி வரைஞ்சிருந்தேன். அதைப் பண்ண நாளாகும்னு எடுக்கச் சொன்னீங்க. எடுத்துட்டேன். அந்தத் தாங்கி இருந்த எடத்துலதான் கல்பகம் அக்கா கை இருந்திருக்கு. தாங்கி வர்ற வரைக்கும் இது ஓடக்கூடாது."

"தாங்கி வரும்போது வரும். இன்னிக்கு உக்காராதவங்க நாளைக்கு வர வேண்டாம். நீயும்தான்." சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "கேட்டுல வேலைக்கு நிக்கிற ஒடிசாக்காரப் பொம்பளைங்க யாரையாவது கூட்டிட்டு வாய்யா."

வேலை போகிறது என்று நினைத்தேன். அப்போது ஒரு பிரஸ் நின்றது. அப்புறம் பூர்ணாவின் பிரஸ். அப்புறம் வாசல் பக்கத்து பிரஸ். ஒவ்வொன்றாக நின்று, கடைசித் தொம்மும் அடங்கியபோது கொட்டகையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டென்றே எனக்குத் தெரியாது. ரஹீம் பாய் மரச்சில்லைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முதலாளி போனைக் காதில் வைத்தபடி ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் கைகளை மறுபடி முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசர் ஒரு பெண்ணைக் கூட்டி வந்து மூலை பிரஸ்ஸைக் காட்டினான். ரஹீம் பாய் ஹிந்தியில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவசியமே இல்லாமல் போயிற்று. அவள் ஆணியில் தொங்கிய கையுறையைப் பார்த்துவிட்டாள். இரண்டு விரல் நசுங்கியிருந்த அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். யாரென்றே தெரியாது, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி வெளியேயிருந்து யாரைக் கூப்பிடப் போகிறாரோ, நாளைக்கு கேட் திறக்குமோ திறக்காதோ, ஒன்றும் தெரியாது. சுபாஸ்ரீ சாக்பீஸை எடுத்துத் தரையில் டையை வரைந்தாள். பக்கத்தில் தாங்கி. கல்பகத்துக்கு ரஹீம் பாய் வீடியோ கால் போட்டு, கட்டுப் போட்ட கையோடு அவளும் பார்க்கிற மாதிரி போனைத் திருப்பிப் பிடித்தார்.

"அக்கா எல்லாரும் வாங்க, மூடி வைக்கும்போது உங்க கை எங்கெங்க வரும்? வெச்சுக் காட்டுங்க," என்றாள் சுபாஸ்ரீ.

பூர்ணா வைத்தாள். ஒடிசாக்காரப் பெண்ணும் வைத்தாள். நானும் இரண்டு கைகளையும் முந்தானையிலிருந்து எடுத்து, அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே விரித்து வைத்தேன். பயம் போகவில்லை. பத்து விரலையும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.