ஸகீனாவுக்குப் பொன்னாடை

ஸகீனா அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு வந்த அன்றே, இது சரிவராது என்று நான் சொன்னேன். மயில்நீலம். யாழ்ப்பாணக் கம்பஸில் அவளோடு படித்த பெண்கள் எல்லோரும் பழைய மாணவர் விழாவுக்கு அதே நிறத்தில் கட்டுவதாக வட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தார்கள். சேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பொருத்தமாகத் தலைத்துணி தேடித்தான் மார்க்கம் ரோட் கடைகள் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

“இவ்வளவு வருசமா உவையள் உன்னைத் தேடினவையோ?” என்று கேட்டேன்.

“இப்பத் தேடியிருக்கினம்தானே, மச்சான். விடுங்கோவன்.”

யாரும் தேடவில்லை. மீன்கடையில் நின்றபோது வேரோனிக்கா என்றொருத்தி தற்செயலாகக் கண்டு, “எடியே ஸகீனா!” என்று கத்திக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் கம்பஸில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சேலை, விழா எல்லாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தேன். ஸகீனா கம்பஸில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு, வடக்கில் இருந்த முஸ்லிம்களை எல்லாம் இயக்கம் ஒரேயடியாக வெளியே போகச் சொன்னது. என் கடையும் போயிற்று, அவள் படிப்பும் போயிற்று. புத்தளத்து முகாமில்தான் அவளை நான் நிக்காஹ் செய்தேன். அதற்குப் பிறகுதான் கனடா. அந்தக் கடையை நான் மறந்து கனகாலம். அவள் படிப்பை மறக்கவில்லை. யாராவது “என்ன படிச்சனீங்கள்?” என்று கேட்டால், “கொஞ்சம் படிச்சனான்” என்று சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

விழாவில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரே வருடத்தில் சேர்ந்து படித்தவர்களை ஒவ்வொரு பட்ச்சாகப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுப்பார்களாம். அதில் தன் பட்ச்சோடு நிற்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

ஸ்காபரோ மண்டபத்துக்குப் போனோம். வாசலிலேயே பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் பத்மநாதன் கோட்டுச் சூட்டோடு நின்றான். ஐம்பது வயதுகூட இராது. “வாங்கோ நானா, வாங்கோ!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாங்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல் அது. தமிழ் ஆட்கள் இவ்வளவு இனிப்பாக நானா என்று கூப்பிட்டால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

பட்ச் மேசையில் ஸகீனாவை நடுவில் இருத்தினார்கள். அது உண்மை, மறைக்கமாட்டேன். மயில்நீலத்தில் அத்தனை பேர். வேரோனிக்கா அவள் தலைத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கணக்காளர் வேலை பார்க்கும் குலசிங்கம், “ஸகீனா, நீர் போன பிறகு எனக்குக் கொப்பியடிக்க ஆளில்லாமல் போச்சு, தெரியுமோ?” என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தான்.

“போன பிறகோ? போகச் சொன்ன பிறகு” என்றேன் நான்.

சிரிப்பு நின்றது. ஸகீனா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள்.

“அண்ணை பகிடியைப் பகிடியா எடுக்கமாட்டார் போல” என்றான் குலசிங்கம்.

“அவர் கலியாண வீட்டிலயும் உப்பிடித்தான்” என்றாள் ஸகீனா. எல்லோரும் திரும்பவும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

கனடாக் கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், அதற்குப் பிறகு பேச்சு. பேச்சுக்கு மேல் பேச்சு. படித்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் கழுத்தைப் பிடித்துத்தான் வாங்க வேண்டும். அந்த நேரம் பத்மநாதன் எங்கள் மேசைக்கு வந்து குனிந்தான்.

“அக்கா, நானா, நீங்கள் ரெண்டுபேரும் முன்னுக்கு வரவேணும். உங்களுக்கு ஒரு சின்னக் கௌரவம்.”

“என்னத்துக்கு?” என்றேன்.

“வாங்கோவன் நானா. சந்தோசமான விசயம்.”

ஸகீனாவை மேடையில் ஏற்றினார்கள். “எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் முஸ்லிம் சகோதரி” என்று மைக்கில் சொல்லி, மினுங்குகிற பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். மயில்நீலம் முழுவதும் அதற்குள் மறைந்துவிட்டது. கைதட்டினார்கள். அவள் சிரித்தாள். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்த காலத்தில், வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரனைக் கண்டால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. இறங்கியதும் எங்களைப் பட்ச் மேசைக்குப் போகவிடவில்லை. விழாவுக்குக் காசு கொடுத்த, வீடு விற்கிற முகவர் ஒருவருக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருத்திவிட்டார்கள். அவர் எங்களுக்கும் தன் கார்டைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு படம். ஒவ்வொரு பட்ச்சாக ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஸகீனாவின் பட்ச்சைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பினாள். பத்மநாதன் ஓடி வந்தான்.

“அக்கா, நீங்கள் இருங்கோ. விருந்தினரோட தனியா எடுப்பம்.”

“நான் என்ர பட்ச்சோட நிக்கிறன், தம்பி.”

“விளங்குது அக்கா. ஆனா சங்கத்தின்ர யாப்புச் சட்டத்தின்படி பட்டம் எடுத்தவைதான் உறுப்பினர். இண்டைக்கு உங்களை விட்டால், நாளைக்கு ஒரு வருசம் படிச்சவனும் வந்து நிப்பான். அதுதான் நாங்கள் யோசிச்சு உங்களை விருந்தினராப் போட்டது. இது கூடின மரியாதையெல்லோ?”

“இவ படிப்பை விட்டவவோ, விடவைச்சவையோ?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“நானா, அது எங்கள் எல்லாருக்கும் கவலையான விசயம். இப்ப அதைக் கதைக்கிற மேடை இல்லை இது.”

“அப்ப எந்த மேடை? சொல்லு, அங்க வாறன்.”

வீடு விற்கிறவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஸகீனா பொன்னாடையைக் கழற்றினாள். நாலாக மடித்தாள். பத்மநாதனின் கையில் வைத்தாள்.

“இதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ தம்பி” என்றுவிட்டு மேடைக்கு நடந்தாள்.

ஆனால் நாங்கள் இங்கே கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே படம் எடுத்து முடிந்துவிட்டது. அவள் இந்தப் பக்கப் படியால் ஏற, பட்ச் முழுவதும் அந்தப் பக்கப் படியால் இறங்கிற்று. சாப்பாடு தயார் என்றும் யாரோ அறிவித்துவிட்டான். அவ்வளவு பெரிய மேடையில் ஸகீனா தனியாக நின்றாள். படக்காரன் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படத்துக்கு நிற்கிற மாதிரியே நின்றாள்.

முதலில் கண்டவள் வேரோனிக்காதான். “ஐயோ, அவள் நிக்கிறாள்! எல்லாரும் ஏறுங்கோ திருப்பி!” என்று கத்தினாள். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஏறினார்கள். ஆண்கள் எங்கே? சாப்பாட்டு வரிசையில்.

எனக்கு முழங்கால் சரியில்லை. ஆனாலும் போனேன். குலசிங்கம் தட்டோடு நின்றான்.

“தம்பி, ஸகீனா மேடையில நிக்கிறா.”

“படம் எடுத்தாச்சே, அண்ணை.”

“அவ இல்லாமல் எடுத்தது.”

“சாப்பிட்டிட்டு எடுப்பமே? பிறகு கோழி முடிஞ்சிடும்.”

“தட்டைக் கொண்டா. கோழியை நான் பாக்கிறன். நீர் போம்.”

அவன் தட்டை விடவில்லை. நான் பிடுங்கினேன். பக்கத்தில் நின்ற மற்றவனின் தட்டையும் வாங்கினேன். அவனும் அவள் பட்ச்தான் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. அதற்குப் பின்னால் நின்றவன் நான் கேட்காமலே தந்துவிட்டுப் போனான். குலசிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு, “சரியான மனுசனப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தான்.

வரிசையில் என் முன்னால் ஆட்கள் உயரம் உயரமாக நின்றார்கள். மேடை எனக்குத் தெரியவில்லை. பத்மநாதனின் குரல்தான் மைக்கில் வந்தது.

“வெளிச்சம் போதாத காரணத்தால் ஒரு படம் மட்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது. சபையோர் மன்னிக்கவும்.”

வெளிச்சம் போதாதாம். போய் அந்த மைக்கைப் பறித்து நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இரண்டு கையிலும் தட்டுகள். வேரோனிக்கா யாரையோ கிட்ட வா, கிட்ட வா என்று அதட்டுவது கேட்டது. பிறகு, “நடுவுக்கு வாடி ஸகீனா” என்றாள்.

“அங்கிள், லைன் நகருது” என்றான் பின்னால் நின்றவன்.

“நகரட்டும்.”

சோறு போடுகிற பெண், “கோழியோ, கத்தரிக்காயோ?” என்று கேட்டாள்.

“எல்லாத்துக்கும் கோழி. ஆறுதலாப் போடு, பிள்ளை” என்றேன். “அவங்கள் அங்க கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”