ஆறாத வட்டம்

பிற்பகல் வெயிலில் படகுத்துறை வாயடைத்துக் கிடந்தது. நோன்பு மாதத்தில் அந்நேரத்துக்கு மலேசியக் கடற்கரை ஊரான குவாலா பெசுட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். ரொஸ்டி ஒரு மீன்படகின் இஞ்சினைப் பிரித்துப் போட்டு அதன் முன் குந்தியிருந்தான். வலது தோளுக்குக் கீழே முதுகில் ஓரிடம் அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்பானரின் காம்பைச் சட்டைக்கு மேலே வைத்துத் தேய்த்துக்கொண்டான். அப்போதுதான் போன் அடித்தது.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து நொரிசா. அக்கா முறை வைத்து அவளைக் ‘காக்’ என்றுதான் அவன் கூப்பிடுவான்.

“ரொஸ்டி, இந்தத் தடவையும் பெருநாள் கழிச்சுன்னு சொல்லிடாதீங்க.”

“யாருக்கு காக்?”



“உங்க சுஹைலாவுக்கு.”

சுஹைலா அவன் கூடப் பிறந்தவள் அல்ல. கூடப் பால் குடித்தவள். பக்கத்து வீட்டில் பிரசவத்தோடு தாய் போய்விட, கைக்குழந்தையைத் தூக்கி வந்து தன் மார்பில் போட்டுக்கொண்டவள் ரொஸ்டியின் அம்மா. அன்று முதல் மார்க்கப்படி அவள் அவனுக்குத் தங்கை. அவன் முன்னால் முக்காடு போட வேண்டியதில்லை. அவனை அவள் கட்டிக்கொள்ளவும் முடியாது. ஊரில் பத்துப் பேரிடம் கூடக் கிடைக்காத நெகட்டிவ் ரத்தம் இருவருக்கும் அமைந்தது தற்செயல்தான். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பால் உள்ளே போனதால் ரத்தமும் ஒன்றாகிவிட்டது என்றே இன்றுவரை சொல்கிறது.

அவன் இஞ்சினை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

ரத்த வங்கி வாசலில் சுஹைலாவின் புருஷன் அஸ்மான் நின்றிருந்தான். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. ரொஸ்டியைக் கண்டதும் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அண்ணன் முறை வைத்து அவனைப் ‘பாங்’ என்றுதான் அஸ்மான் கூப்பிடுவான்.

“நஞ்சுக்கொடி கீழ இறங்கிக் கிடக்காம் பாங். விடிஞ்சதும் வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுக்கணுங்கறாங்க. ரத்தம் ரெடியா இல்லாம கத்தியைத் தொடமாட்டாங்களாம்.”

“வேற ரத்தம் ஏத்த முடியாதா?”

“முதல் பிள்ளை தவறினப்பவே அவ உடம்பு கெட்டுப்போச்சாம். மாத்தி ஏத்தினா அதுவே ஆளைக் கொன்னுடும்னு டாக்டர் சொல்றாரு. பெரிய ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. நோன்பு மாசம், யாரும் கொடுக்கல, அலமாரி காலிங்கறாங்க. இந்த ஊர்ல இந்த வகை உள்ள இன்னொருத்தர் நடுக்கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலையா இருக்காரு. நீங்க மட்டுந்தான் பாங்.”

ரொஸ்டி தலையை ஆட்டினான்.

உள்ளே நொரிசா அவன் கையில் பட்டையைக் கட்டியபடி பேச்சுக் கொடுத்தாள். “நோன்பு முறியாது, பயப்படாதீங்க. தலை சுத்துச்சுன்னா மட்டும் திறந்துடுங்க, அப்புறமா ஒரு நோன்பு வெச்சுக்கலாம். போன மாசமே கூப்பிட்டேனே, அப்பவே வந்திருக்கலாமில்ல?”

“நோன்பு வருது, உடம்பு தளர்ந்துடும்னு நினைச்சேன் காக்.”

“இங்க ஆம்பளைங்க எல்லாருக்கும் இதே பாட்டுதான். மீன் மூட்டையைத் தூக்குவீங்க, ஊசியைக் கண்டா தளர்ந்துடுவீங்க.” சிரித்துவிட்டு, அதே குரலில், பழக்கப்பட்ட கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, மருந்து சாப்பிடுகிறாரா, பல் பிடுங்கினாரா.

“பெக்காம் எடுத்தீங்களா?”

முதுகில் அந்த இடம் சுருக்கென்றது.

நோன்புக்கு முந்திய வாரம், தொழுகைக்கூடத்தின் பின்னறையில் பாக் டெராமான் பெக்காம் எடுக்கப் பாய் விரித்திருந்தார். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாகக் கவிழ்ந்து படுத்திருந்தார்கள். முதுகில் குப்பியைக் கவிழ்த்து, பிளேடால் கீறி, மறுபடி கவிழ்த்து உறிஞ்சுவார். கருத்த ரத்தம் கூழாக வரும். “பாத்தியா, எவ்வளவு கெட்டதை உள்ள வெச்சிருந்த!” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ரத்தம் கொடுத்தால் உடம்பு தளரும், பெக்காம் எடுத்தால் உடம்பு தெளியும் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ரொஸ்டிக்கும் இல்லை. நொரிசாவிடம் தளர்ந்துவிடும் என்று சொன்ன வாரத்திலேயே அவன் அங்கே போய்ப் படுத்தான். வாளியில் விழுந்ததைத் தென்னைக்கடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அவனுக்கு முன்னால் அதே பாயில் படுத்தவன் டெராமானின் மருமகன் செமான். அவன் எழுந்தபோது கண் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. வெளிச்சம் போதாத அறை என்று ரொஸ்டி நினைத்துக்கொண்டான். பிளேடு மாற்றினார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை.

“ரொஸ்டி? பெக்காம்?”

“எடுத்திருந்தா?”

“மாசக்கணக்குல தள்ளி வெச்சிடுவோம். கீறின பிளேடுல என்ன ஒட்டியிருந்துச்சோ, யாரு கண்டா? சில நோய் ரத்தத்துல புகுந்தாலும் கொஞ்ச காலம் சோதனைக்கு அகப்படாது. சும்மா ஒளிஞ்சு உக்காந்திருக்கும்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அஸ்மான் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். ரொஸ்டி அவனையும் பார்த்தான், மேசைமேல் கிடந்த காலிப் பையையும் பார்த்தான். சுவர் விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

“எடுக்கல காக்.”

நொரிசா ஊசியை ஏற்றினாள். குழாயில் ரத்தம் இறங்கியது. பை நிறைய நிறைய அவன் அதன் பக்கம் திரும்பவில்லை.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதும் அஸ்மான் பேரீச்சம்பழமும் ஒரு தூக்கில் கஞ்சியும் வாங்கி வந்தான். நடைபாதை நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். பாங்கொலி கேட்டதும் அஸ்மான் ஒரு பழத்தைப் பிட்டுப் பாதியை ரொஸ்டியின் வாயிலேயே வைத்தான்.

“சாப்பிடுங்க பாங். பாதி உசிரை எடுத்துக் கொடுத்திருக்கீங்க.”

ரொஸ்டி மென்றான்.

“கஞ்சிக் கடையில ஒரே பேச்சு,” என்றான் அஸ்மான், வாய் நிறைய. “டெராமான் மருமகன் செமானைக் காலையில இங்கதான் சேர்த்திருக்காங்களாம். உடம்பெல்லாம் மஞ்சள் பாரிச்சு, கண்ணு முட்டைக்கரு மாதிரி இருக்காம். ஈரல் கெட்டுப்போச்சாம். ஊருக்கே கெட்ட ரத்தம் எடுக்கற மாமனாரு, வீட்டுக்குள்ள இருக்கறதை விட்டுட்டாருன்னு சிரிக்கறானுங்க.”

அவனும் சிரித்தான். ரொஸ்டி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

“என்ன பாங்? மயக்கமா வருதா?”

“இல்ல. நீ குடி.”

எழுந்து நடந்தான். பிறகு ஓடினான். விடியும்வரை நேரம் இருக்கிறது, பையைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் போடச் சொல்லலாம். இதற்குமேல் யோசிக்க அவனால் முடியவில்லை.

நொரிசா தொழுகைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“காக், அந்தப் பை...”

“சோதனையில ஒண்ணும் இல்ல, சுத்தம். நல்லவேளை, கேக்கறப்ப தயாரா இருந்துச்சு. பாங்கு சொல்றப்பவே அவளுக்கு ரத்தம் கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. விடியறவரைக்கும் தாங்காதுன்னு தியேட்டருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப ஏறிக்கிட்டு இருக்கும். அஸ்மானுக்குச் சொல்ல ஆள் போயிருக்கு.”

ரொஸ்டி வாசற்படியிலேயே நின்றான். பிறகு திரும்பிச் சட்டையை முதுகுப் பக்கம் தூக்கிக் காட்டினான்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். காய்ந்து உதிர்ந்த வட்டங்களுக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் ஆறாமல் சிவந்து பளபளத்தது.

“யாருக்கப்புறம் படுத்தீங்க?” என்றாள். குரலில் கேலி போயிருந்தது.

“செமான்.”

நொரிசா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கட்டடத்துத் தொழுகை ஒலிபெருக்கியில் மிதந்து வந்து முடிந்தது.

“ஏறினதை யாராலும் இறக்க முடியாது,” என்றாள். “டாக்டர்கிட்ட நான் இப்பவே சொல்றேன். தடுக்கற ஊசி இருந்தா பிள்ளைக்கும் அவளுக்கும் போடட்டும். அது பிடிக்குமா பிடிக்காதான்னு தெரிய மாசங்கள் ஆகும். உங்களுக்கும்தான்.” கதவருகே போனவள் திரும்பினாள். “பெக்காம் எடுக்கலன்னு நீங்க சொல்லாம இருந்தா அவ இந்நேரம் இருந்திருப்பாளான்னு எனக்குத் தெரியாது. அதை என்கிட்ட கேக்காதீங்க. ஆனா அஸ்மானுக்கு நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

அவன் நடைபாதைக்குத் திரும்பி அதே நாற்காலியில் சாய்ந்தான். அஸ்மானைத் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். பிளாஸ்டிக்கில் முதுகு பட்டதும் எரிந்தது. அரிக்கவும் செய்தது. விரலை வளைத்து அழுத்திச் சொறிந்தான். ஏதோ பிய்ந்து ஈரமாவது தெரிந்தும் நிறுத்தவில்லை.

இரவு வெகுநேரம் கழித்துத் தியேட்டர் கதவு திறந்து அஸ்மான் வெளியே வந்தான். முகம் அழுது வீங்கியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு, பாங்! ரெண்டு பேருக்கும் உசிருக்குப் பயமில்லையாம். பிள்ளை காதுல பாங்கு சொல்லிட்டுத்தான் வர்றேன். கண்ணைத் திறந்ததும் அவ கேட்டது என்ன தெரியுமா? ‘பாங் கொடுத்தாரா?’ன்னு. உங்க ரத்தம் உள்ளே ஓடுதுன்னு சொன்னேன். இனிமே பால்ல மட்டுமில்ல, ரத்தத்துலயும் தங்கச்சின்னா.”



ரொஸ்டியைக் கட்டிக்கொள்ளக் குனிந்த அஸ்மானின் கை முதுகில் பட்டது. எடுத்துப் பார்த்தான். உள்ளங்கையில் பிசுபிசுப்பாகச் சிவப்பு. ரொஸ்டியைச் சற்றுத் திருப்பிச் சட்டையைப் பார்த்தான். வெளிறிய துணியில், குப்பியின் வாயளவுக்கு, ஒரு வட்டம் ஊறிக்கொண்டிருந்தது.

“என்ன பாங் இது?”

ரொஸ்டி பக்கத்து நாற்காலியிலிருந்த கஞ்சித் தூக்கை எடுத்துத் தரையில் வைத்தான்.

“உக்காரு அஸ்மான்,” என்றான்.