சொல்பேச்சு கேளாத இமை

சாயங்காலமானால் பஸ் ஓட்டுநரம்மாவின் வலது இமைக்கு என்ன வந்ததோ, பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்துவிடும். டிப்போ வாசலில் நிற்கும் டைம்கீப்பர், ஓய்வுபெற மூன்றே வருடம் பாக்கியிருந்த மனிதர், அதைக் கண்ணடிப்பு என்று எடுத்துக்கொண்டு தினமும் செண்டு பூசிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பன்னிரண்டு வருடமாகப் பிடித்த ஸ்டீயரிங். வருடாந்திரப் பரிசோதனையில் தேறாவிட்டால் டிப்போ மூலையில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளை அடுக்க வேண்டியதுதான். 

ஒருநாள் தலைவலிக்கு ஐஸ்கட்டி வைத்தபோது, இமை தானாக மேலே ஏறியது. விடுவாளா? பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்று ஐஸ்பையைக் கண்ணில் அழுத்திப் பிடித்தாள். இமை ஏறியதும் ஜம்மென்று டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். கெட்ட நேரம், டாக்டருக்கு ஒரு போன் வந்தது. பேச்சு நீண்டது, இமையும் மெல்ல இறங்கியது.

"கன்னமெல்லாம் என்னங்க ஈரம்?" போனை வைத்துவிட்டு டாக்டர் கேட்டார்.

குட்டு உடைந்தது. திட்டு விழப்போகிறது என்று தலைகுனிந்தவளைப் பார்த்து டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இமை இப்படி இறங்கறது தசை சோர்ந்துபோற நோயான்னு பாக்க நாங்களே ஐஸ்தான் வைப்போம். என் வேலையை நீங்களே முடிச்சுட்டு வந்திருக்கீங்க!"

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து டாக்டர் விளக்கினார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. நோயோட சண்டை போடற டி செல்லெல்லாம் அங்கதான் பழகும். சொந்த உடம்பையே அடிக்கப் பாக்கறதை அங்கேயே ஒழிச்சுடணும். இவங்களுக்குச் சிலது தப்பிச்சு வெளிய வந்துடுச்சு. அது கிளப்பிவிட்ட கலாட்டாவுல நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரல. ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பியை எடுத்துடலாம்."

"வேலியே பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன், அதுக்கு என் பொண்டாட்டி கண்ணுதானா கெடச்சுது?" என்றார் வீட்டுக்காரர். "சரி, அந்தச் சுரப்பியை எடுத்துட்டா காய்ச்சல் வந்தா யாரு பாத்துப்பா?"

"ஒழுங்காத் தேறினதெல்லாம் சின்ன வயசுலயே வெளிய வந்து காவலுக்கு நிக்குதுங்க. கவலைப்படாதீங்க."

ஆபரேஷன் ஆனது. இமை உடனே ஏறிவிடவில்லை. மாத்திரையும் பொறுமையுமாகப் பதினான்கு மாதம் ஓடியது. நடுவில் டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள் அழுத நாட்களும் உண்டு.

மறுபடி பரிசோதனை. "கண்ணை எடுக்காம மேல பாருங்க." ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இமை அசையவில்லை.

"பையில ஐஸ் இருக்கா?"

"இருக்கு டாக்டர். பயந்தான்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்கால ஷிப்டு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து டைம்கீப்பர் வெட்கத்தில் அவள் பக்கமே திரும்புவதில்லை. நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். அவள் ஹாரனை அடித்தாள். நிமிர்ந்தார்.

வலது கண்ணை அடித்தாள், வேண்டுமென்றே. மூடு என்றதும் மூடியது, திற என்றதும் திறந்தது.